மூன்று மணி லோடு

நான் எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் எங்கள் தெருவில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "இத்த படிச்சா இன்னா வேலை கெடைக்கும்?" முதலில் சமூகவியல் என்று மட்டும் சொல்லித் தப்பித்தேன். அதில் எது என்று துருவினார்கள். சுற்றுச்சூழல் மற்றும் இயற்கை வள சமூகவியல் என்று ஒரே மூச்சில் சொன்னேன். எதிர்வீட்டு அத்தை கொஞ்சம் யோசித்து, "மரம் நடுவாங்களே, அதுவா?" என்றார். நடுகிறவர் யார், வெட்டுகிறவர் யார், கடைசியில் நிழலில் போய் உட்காருகிறவர் யார் என்று விசாரித்து எழுதுகிற படிப்பு என்று விளக்கினேன். "அத்த விசாரிக்க ரெண்டு வருசமா?" என்றார். இரண்டு வருடம் போதாது என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடு வல்லக்கோட்டையிலிருந்து சற்று உள்ளே. அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். தெருவில் என் வயதுப் பெண்கள் பாதிப் பேர் ஏதாவது ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறார்கள். நான் மட்டும் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து சிங்கப்பெருமாள் கோவில் போய், அங்கிருந்து ரயிலில் சென்னைக்குப் போவேன். கழுத்தில் அடையாள அட்டையோடு ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம் முழுவதும் கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் பக்கம் பாயும். நான் அவர்களை இடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஏறுவேன். கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க வருகிறவர்களும் சேர்ந்துகொண்டால் ஆட்டோ கிடைப்பதே பெரிய பாடு. அன்றைக்கு முதல் வகுப்பு எனக்குப் பாதிதான்.

படிப்பு எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. ஏரி என்றால் தண்ணீர் என்று நினைத்திருந்தவளுக்கு, ஏரி என்றால் மதகைத் திறக்கிற உரிமை யாருக்கு என்பதும்தான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிடித்த அளவுக்குத் தலைக்கும் ஏறியது. எனக்கு இயல்பாகவே கோபம் மூக்கின் மேல் இருக்கும். அந்தக் கோபத்துக்கு இப்போது பாடப்புத்தகத்தின் ஆதரவும் கிடைத்துவிட்டது. அம்மா பாத்திரம் தேய்க்கும்போது பின்னால் போய் நின்று குழாயை மூடுவேன். "நீ காலேஜ் சேர்றதுக்கு மின்ன நான் நிம்மதியா பாத்திரம் கழுவிக்கினு இருந்தேன்டி," என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

இரண்டாம் வருடம் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊரோரக் கிணறுகளில் மோட்டார் போட்டு உறிஞ்சி, ஒரகடத்து ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். பின்பக்கம் சொட்டிக்கொண்டே போகும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹாஸ்டல்களில் தண்ணீரை வாரி இறைக்கிறார்கள், அதை நிரூபித்துக் கிணறுகளைக் காப்பாற்றப்போகிறவள் நான் என்று கிளம்பினேன். கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருந்தேன். இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

களத்துக்காக அலைய வேண்டியிருக்கவில்லை. அப்பாவுக்குப் பங்காளி முறையில் தம்பி ஒருவர், எனக்குச் சித்தப்பா, ஒரகடத்தில் பெண்கள் ஹாஸ்டல் நடத்துகிறார். மூன்று மாடி, எழுபத்திரண்டு பெண்கள், அத்தனை பேரும் ஒரே கம்பெனி. பெரும்பாலும் தெற்கத்திப் பிள்ளைகள். அங்கே போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. தலையில் ஊற்றினால் முடி கயிறாகிவிடும். அதனால் குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் லாரித் தண்ணீர்தான். காலை பத்து மணிக்கு ஒரு லோடு, மதியம் மூன்று மணிக்கு ஒரு லோடு, மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றுவார்கள். நான் அனுமதி கேட்டுப் போனபோது சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம வூட்டுப் பொண்ணு. யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணுது. இன்னா கேட்டாலும் ஒயுங்கா பதில் சொல்லணும்," என்று சமையல்கார அக்காவிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

இங்கே ஷிப்ட் விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் வழுக்கி விழுந்ததே அதில்தான். ஏ ஷிப்ட் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு. பி ஷிப்ட் இரண்டிலிருந்து இரவு பத்து. சி ஷிப்ட் பத்திலிருந்து மறுநாள் காலை ஆறு. ஹாஸ்டல் பெண்கள் மூன்று குழுவாக, குழுவுக்கு இருபத்து நான்கு பேராக, இந்த மூன்று ஷிப்டிலும் இருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் ஷிப்ட் மாறும். மூன்று வாரத்தில் ஒவ்வொருத்தியும் மூன்று ஷிப்டையும் பார்த்துவிடுவாள்.

எனக்குப் புதன்கிழமை களப்பணி நாள், வகுப்பு கிடையாது. முதல் புதனன்று காலை பதினோரு மணிக்குப் போனேன். ஏ ஷிப்ட் பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். சி ஷிப்ட் பெண்கள் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அசந்து தூங்குகிறவரை எழுப்பிக் கேள்வி கேட்காதே என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். விழித்திருந்தவர்கள் பி ஷிப்ட் பெண்கள் மட்டுமே. குளித்து, துவைத்து, கொடியில் துணி காயப்போட்டுவிட்டு, ஒரு மணி பஸ்ஸுக்கு ஏகப்பட்ட நேரம் இருக்கிற தெம்பில் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்து நான்கு பேரிடமும் கேட்டு முடித்தேன்.

இப்போது என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். அடுத்த வாரம் ஷிப்ட் மாறிவிடும், வேறு இருபத்து நான்கு பேர் பி ஷிப்டுக்கு வருவார்கள். அதற்கடுத்த வாரம் மீதிப் பேர். ஆகவே மூன்று புதன்கிழமை அதே பதினோரு மணிக்குப் போனால், யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல் எழுபத்திரண்டு பேரையும் பிடித்துவிடலாம். பிடித்தேன். வகுப்பில் மற்றவர்கள் பத்துப் பேரில் ஒருவர், இருபது பேரில் ஒருவர் என்று மாதிரி எடுத்துத் திணறிக்கொண்டிருக்க, நான் ஒருத்தியைக்கூட விடவில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு.

கேள்விகளும் புத்தகம் சொன்னபடியே அமைந்தன. மனிதர்களின் ஞாபகத்தை ரொம்ப நம்பாதே, அண்மை நாட்களைப் பற்றி மட்டும் கேள் என்று படித்திருந்தேன். அதனால் எல்லாக் கேள்வியும் 'கடந்த மூன்று நாட்களில்' என்று தொடங்கும். கடந்த மூன்று நாட்களில் குளிக்க, துவைக்கத் தண்ணீர் போதுமானதாக இருந்ததா? இருந்தது. தொட்டி காலியாகிப் பார்த்தீர்களா? இல்லை. மூன்று மணி லோடில் வந்த தண்ணீரில் குளித்தீர்களா, துவைத்தீர்களா? இல்லை. எழுபத்திரண்டு பேரும் இல்லை என்றார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அப்படியானால் மூன்று மணி லோடு எங்கே போகிறது? வழிந்து சாக்கடைக்குத்தான் போகிறது என்று முடிவு கட்டினேன். நான் முன்பே வைத்திருந்த பதிலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் கேட்டு வாங்கியதைக் களத்துக்கே திருப்பித் தர வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால், கண்டறிந்ததை அந்த மக்களுக்குப் புரிகிற தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, துறையின் முத்திரை வைத்து, அங்கேயே கொடுத்துவிட்டு வருவார்கள். என் வழிகாட்டியான பேராசிரியையை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் பக்கத்தைப் படித்துப் புருவத்தைத் தூக்கினார்.

"எழுபத்திரண்டு பேருமேவா?"

"ஒருத்தர் பாக்கியில்லை மேடம்."

"எல்லாரும் ஒரே பதில் சொன்னா எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கும். இன்னொரு தடவை நல்லாப் பாத்துட்டுக் குடு."

பார்த்தேன், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று. ஒன்று இருந்தது, திருத்தினேன். பிறகு போய்ச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். 'இந்த விடுதிக்குக் காலை பத்து மணி லோடு போதுமானது. மதியம் மூன்று மணி லோடு பயன்படுத்தப்படுவதில்லை. அதை நிறுத்தினால் கிராமக் கிணறுகளைக் காக்கலாம்.' சித்தப்பா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். அன்றைக்கே ஸ்ரீபெரும்புதூர் வரை வண்டியில் போய் அதை லேமினேட் செய்து வந்து, வாசலில் வருகைப் பதிவேடு இருக்கும் மேசைக்கு மேலே மாட்டினார். மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு வர வேண்டாம் என்று லாரிக்காரரிடமும் சொல்லிவிட்டார்.

எனக்கு இது தெரியாது. அடுத்த புதனன்று, களப்பணி முடிந்ததற்கான சான்றிதழில் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கப் போனேன். காலை முழுக்கத் தட்டச்சு வேலை இருந்ததால் போய்ச் சேர மதியம் மூன்று ஆகிவிட்டது. அந்த ஹாஸ்டலை நான் மூன்று மணிக்குப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏ ஷிப்ட் பெண்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தார்கள். மாடிப்படி முழுவதும் காலி வாளிகள். குளியலறைக் குழாயைத் திறந்து வைத்திருந்தார்கள், அதில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முதல் புதனன்று எனக்கு முறுக்குக் கொடுத்து, எல்லாக் கேள்விக்கும் முதல் ஆளாகப் பதில் சொன்னவள் அவள்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று பெரிதாக ஒரு கும்பிடு போட்டாள்.

"வாங்கக்கா, வாங்க. ஒரு சொம்பு தண்ணி தரலாம்னு பாத்தா, அதைத்தான் நீங்க நிறுத்திட்டியளே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் விழித்தேன். அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே என் பக்கம் பளபளவென்று தொங்கியது.

"நீங்க எல்லாரும் மூணு மணி லோடுல குளிக்கலைன்னுதானே சொன்னீங்க?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது, வழக்கம்போல.

"ஆமா, சொன்னோம். அன்னைக்கு எங்களுக்கு பி ஷிப்டு. மூணு மணிக்கு நாங்க கம்பெனியில லைன்ல நிக்கோம். அங்க நின்னுக்கிட்டு இங்க எப்படிக்கா குளிக்க?"

"சரி, ஏ ஷிப்ட் வாரத்துல?"

"அதை நீங்க கேக்கவே இல்லியே. மூணு நாளு, மூணு நாளுன்னு கேட்டிய. மூணு நாளைக்குள்ளதைச் சொன்னோம். படிச்ச பிள்ள கேக்குது, அதுல என்னமும் காரணம் இருக்கும்னு இருந்துட்டோம்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பொறுமையாக எனக்கு ஹாஸ்டலைச் சொல்லிக்கொடுத்தாள். பத்து மணி லோடில் பி ஷிப்ட் பெண்கள் சாவகாசமாகக் குளித்துத் துவைத்துவிட்டுப் போவார்கள். பிறகு சி ஷிப்ட் பெண்கள் தூங்கி எழுந்து மிச்சத்தைத் தீர்ப்பார்கள். இரண்டரைக்குத் தொட்டி காலி. ஏ ஷிப்ட் பெண்கள் வந்து இறங்கும்போது அவர்களுக்கென்று இருப்பது மூன்று மணி லோடு ஒன்றுதான். அதில் குளித்து, யூனிபார்மைத் துவைத்து, மறுநாள் விடிவதற்குள் எழுந்து முகம் கழுவிப் பஸ் ஏற வேண்டும். நான் எழுபத்திரண்டு பேரையும், அவரவருக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிற ஒரே வாரத்தில் தேடித் தேடிப் பிடித்திருக்கிறேன். ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. அத்தனை உண்மையையும் கூட்டி ஒரு பொய்யை நானே செய்திருந்தேன்.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர்கள் மூன்று நாளாக உப்புத் தண்ணீரில் மேலுக்கு மட்டும் நனைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். கத்தியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. கிண்டல்தான் செய்தார்கள். ஒருத்தி, என் ஆய்வேட்டுக்கு மேலட்டையில் போட அவள் தலைமுடியைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"லாரி திரும்ப வரணும். அதுக்கு நான் பொறுப்பு," என்றேன்.

"பின்ன? நிறுத்துனவியதான வரவைக்கணும்," என்றாள் தென்காசிப் பெண். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய யூனிபார்ம் காலர் கறுத்திருந்தது. திங்கட்கிழமை வந்தால் அவளுக்கு ஷிப்ட் மாறிவிடும், வேறு இருபத்து நான்கு பேர் வந்து இதே காலி வாளிகளோடு நிற்பார்கள்.

நேரே சித்தப்பாவிடம் போனேன். நான் எழுதியது தப்பு என்றேன். அவர் நம்பவில்லை.

"நீயா? தப்பாவா? யார்னா உன்னாண்ட வந்து அழுதாங்களா?"

"யாரும் அழலை சித்தப்பா. நான் கேட்ட விதமே தப்பு."

"அதெல்லாம் இல்ல. நீ எளகின மனசு. புள்ளைங்க மூஞ்ச பாத்து மனசு மாறிட்ட." என்னை இளகின மனசு என்று என் வாழ்நாளில் வேறு யாரும் சொன்னதில்லை. "இத பாரும்மா, இது சீல் குத்தின பேப்பரு. சீல் குத்தினத நீ வாயால வந்து இல்லன்னா ஆயிடுமா? நாளைக்கு லாரிக்காரன் கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவரோடு ஒரு மணி நேரம் வாதாடினேன். கையெழுத்தும் வாங்காமல் கோபித்துக்கொண்டு வந்தேன். கோபம் அவர்மேல் இல்லை. வேறு யார்மேல் காட்டுவது என்று தெரியாததால் அவர்மேல் காட்டினேன்.

மறுநாள் ரயிலில் எனக்குள் இன்னொரு எண்ணமும் வந்தது. ஆய்வேடு சமர்ப்பிக்கப் பதினைந்து நாள்தான் இருந்தது. அதை அப்படியே சமர்ப்பித்துவிட்டு, லாரியை மட்டும் எப்படியாவது கெஞ்சி வரவைத்தால் என்ன? யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? தாம்பரம் வரை அந்த எண்ணத்தோடுதான் போனேன். கிண்டி வருவதற்குள் அவளுடைய காலர் ஞாபகம் வந்து, அந்த எண்ணத்தை வைத்துக்கொள்ள முடியாமல் போய்விட்டது.

மேடம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுபத்திரண்டு பேர்! ஒருத்தர் தப்பிக்கலை! அடடா, இவ்வளவு ஒழுங்கா ஒரு தப்பை நான் பாத்ததே இல்லை." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் முகம் மாறியது. "தப்பை எப்படிக் குடுத்தியோ, திருத்தத்தையும் அப்படியேதான் குடுக்கணும். ஒரு பக்கம். உன் பேர், உன் கையெழுத்து, துறை முத்திரை. அது தொங்கின அதே இடத்துல இதுவும் தொங்கணும்."

"ஆய்வேடு மேடம்?"

"முதல்ல அந்தப் பொண்ணுங்க குளிக்கட்டும்."

ஒரு பக்கம் எழுத அன்று மாலை வரை ஆனது. 'தகவல் சேகரிப்பில் தவறு நிகழ்ந்துள்ளது' என்று எழுதிக் காட்டினேன். "யாரும் இல்லாதப்போ தானா நிகழ்ந்துச்சா?" என்று கேட்டு அடித்துவிட்டார். கடைசியில் எழுதியது இதுதான்: 'இந்த விடுதிக்கு நான் கொடுத்த முடிவு தவறு. ஏ ஷிப்ட் வாரத்தில் இருப்பவர்களுக்கு மூன்று மணி லோடு ஒன்றுதான் தண்ணீர். அதைக் கேட்காமல் விட்டவள் நான். லோடை மீண்டும் தொடங்க வேண்டும்.' கீழே என் முழுப்பெயரும், அப்பாவின் பெயரும்.

வெள்ளிக்கிழமை அதைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். முந்தைய பக்கத்தை வாய்விட்டுப் படித்தவர் இதை மனதுக்குள் படித்தார். கையெழுத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"இத்த எங்க மாட்டணும்?"

"அதே எடத்துல சித்தப்பா."

"வர்றவன் போறவன்லாம் படிப்பானே."

"படிக்கத்தான் சித்தப்பா மாட்டுறது."

"எங்கண்ணன் பொண்ணு அவ்ளோ பெரிய எடத்துல படிச்சிக்கினு தப்பா எழுதிச்சுன்னு, நானே என் கையால ஆணி அடிச்சி மாட்டணுமா? அப்பறம் அண்ணன் மூஞ்ச நான் எப்படிப் பாக்கறது?" அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பேப்பரை நான்காக மடித்து என் கையில் திணித்தார். போனை எடுத்தார். "தோ பாரு, நாளைலர்ந்து மூணு மணி லோடு வந்துடணும். இன்னாத்துக்கா? எனக்குத் தோணுது, வரணும். அவ்ளோதான்." போனை வைத்துவிட்டு என்னிடம், "லாரி வருது, போதுமா? இந்தப் பேப்பர யாரு கண்ணுலயும் காட்டாத," என்றார்.

திருத்தம் தொங்கியே ஆக வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். மேடம் சொல்லிவிட்டார் என்றேன். உங்கள் மேடத்திடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். கடைசியில் பழைய பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் ஒரு காலண்டரை மாட்டினார். அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை. அசைக்க எனக்கும் மனசில்லை. லாரி வரப்போகிறது என்ற சந்தோஷம் என்னை வேறு எதையும் யோசிக்கவிடவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு முன்பே போய் நின்றுகொண்டேன். லாரி வந்தது, வழக்கம்போலச் சொட்டிக்கொண்டே. அதைப் பார்த்து நான் கைதட்டுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். குழாய்களில் தண்ணீர் வந்ததும் மூன்று மாடியிலும் ஒரே கூச்சல். துவைக்கிற கல்லுக்கு வரிசை, குளியலறைக்கு வரிசை. வரிசையில் நின்ற யாரோ ஒருத்தி என் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்தாள். கிணற்றைக் காப்பாற்றப் போனவள் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தொப்பலாக நனைந்து நின்றேன். கிணறும் வேண்டும், குளியலும் வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் தீர்த்துவிட நினைத்தது என் அவசரம்.

மிச்சமிருந்த நாட்கள் ஓட்டமாக ஓடின. புதிய படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஏ, பி, சி என்று மூன்று பத்தி போட்டேன். இந்தத் தடவை காலையில், மதியத்தில், மாலையில் என்று எல்லா நேரத்திலும் போனேன். பெண்கள் என் கேள்விகளைத் திருத்தினார்கள். தலைக்குக் குளிக்கிற நாள் எது என்று ஒரு கேள்வி வேண்டும் என்றாள் ஒருத்தி, அன்றைக்கு ஓர் ஆளுக்கு மூன்று வாளி ஆகும். ஓவர்டைம் பார்த்துவிட்டு நாலரைக்கு வருகிறவளுக்கு யார் வாளி பிடித்து வைக்கிறார்கள் என்று கேளுங்கள் என்றாள் இன்னொருத்தி. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான் ஆய்வேட்டிலேயே நல்ல பகுதி என்று மேடம் சொன்னார். என் தவறையும் ஒரு முழு இயலாக எழுதினேன். கடைசி நாள் அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நிதானமானவர். ஒவ்வொரு பக்கத்திலும் காகிதத் துண்டு வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசி இயலுக்கு வந்தார்.

"திருத்தத்தைக் கொடுத்ததும் உரிமையாளர் லாரியை மறுபடி வரச் சொன்னார்னு எழுதியிருக்கீங்க. ஆக, சரியான தகவல் கிடைச்சதும் அவர் மாறிட்டார். அப்படித்தானே?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் எல்லாம் அழகாக முடிந்திருக்கும். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். திருத்தத்தை மாட்டினா என் பேர் கெட்டுடும்னுதான் வரச் சொன்னார். அவர் எனக்குச் சித்தப்பா."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சித்தப்பாவா இல்லைன்னா?" என்று கேட்டார்.

தெரியலை சார் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே உட்காரச் சொல்லி, பத்து நிமிடத்தில் கூப்பிட்டுக் கைகொடுத்தார்.

திரும்பும்போது ரயிலிலிருந்து தென்காசிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பாஸ் என்றதும் அவள் அறைக்குள் கத்த, அந்தப் பக்கம் தட்டையும் டம்ளரையும் தட்டிக் கொண்டாடினார்கள். என்னென்ன கேட்டார்கள் என்று விசாரித்தாள். வேடிக்கை போல அந்தக் கடைசிக் கேள்வியையும் சொன்னேன். அதற்கு மட்டும் பதில் தெரியாமல் முழித்தேன் என்றேன்.

"இதுக்கா முழிச்சிய? எங்ககிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்போமே," என்றாள். "இங்க வாரதுக்கு முந்தி நாங்க எட்டுப் பேரு வேற ஹாஸ்டல்லதான இருந்தோம். தண்ணி பத்தலன்னு ஒரு நாள் எல்லாரும் சேந்து போய்க் கேட்டோம். ஒண்ணாந்தேதி ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாவ. அப்படித்தான் இங்க வந்தது."

எழுபத்திரண்டு பேரிடமும் இரண்டு முறை கேள்வி கேட்டிருக்கிறேன். இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை.

"அந்த ஹாஸ்டல் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"எதுக்குக்கா? அங்க உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் கிடையாதே."

"பரவாயில்லை, சொல்லு."

அவள் வழி சொன்னாள். கதவோரம் நின்றபடியே, கையிலிருந்த ஆய்வேட்டின் பின்னட்டையில் அதை எழுதிக்கொண்டேன்.